சிஸ்டர் இல்லாத நாளுக்கான பயிற்சி

கேள்வி: நான் ஒரு பள்ளியின் சுகாதார அறையில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் மூன்று பேர் படிக்கிறார்கள். அவர்களில் சின்னவளுக்கு வயது ஏழு. நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், விளையாட்டு வகுப்பின்போது அவளுக்கு லோ சுகர் ஆகிவிட்டது. ஆசிரியை பதறிப்போய், "சுகாதார அறையில் போய்ப் படுத்துக்கொள்" என்று தனியே அனுப்பிவிட்டார். அறை பூட்டிக் கிடந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்தவளை வேறு வகுப்பு மாணவன் ஒருவன் பார்த்து ஆள் கூப்பிட்டிருக்கிறான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போது தலைமை ஆசிரியர், "எல்லாருக்கும் பயிற்சி கொடுங்கள்" என்கிறார். யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? ஊசி என்றாலே ஆசிரியர்கள் பின்வாங்குகிறார்கள். மூவரில் பெரியவனின் பெற்றோர், அவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறைத்தது "அறை பூட்டிக் கிடந்தது" என்ற வரிதான். அன்று அந்தக் குழந்தைக்கு நேர்ந்த ஆபத்தில் பாதி, பள்ளி முழுக்க உங்கள் ஒருவரை மட்டுமே நம்பி இருந்ததால் வந்தது. ஆகவே பயிற்சிக்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பள்ளியில் இல்லாத நாளில், அந்தச் சின்னவளுக்குப் பக்கத்தில் எந்தப் பெரியவர் நின்றாலும் முதல் பத்து நிமிடத்தை அவரால் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் நீங்கள் நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். முடியாது என்றால், பெரிய டாக்டரைக் கூட்டிவந்து ஒரு நாள் முழுக்கப் பேசவைத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

அந்த ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் சுகாதார அறைக்கு அனுப்புவது பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம். தலைவலிக்கும் முழங்கால் சிராய்ப்புக்கும் அது சரி. லோ சுகருக்கு மட்டும் ஆகவே ஆகாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது மூளைக்குத் தேவையான குளுக்கோஸ் கிடைப்பதில்லை. நடக்க நடக்க, இருப்பதையும் தசைகள் இழுத்துக்கொள்ளும். போகிற வழி குழம்பும், படியில் கால் தடுமாறும். எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணில் படப்போகிறாள்? எனவே எழுதிச் சுவரில் ஒட்டவேண்டிய முதல் விதி இது: லோ சுகர் என்று சந்தேகம் வந்தால் பிள்ளையை நடக்கவிடக் கூடாது, தனியே விடக் கூடாது. பிள்ளை இருக்கும் இடத்துக்குச் சர்க்கரை வரவேண்டும். அந்த ஆசிரியை சம்மதித்தால், அன்று நடந்ததை அவரே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நீங்களோ நானோ ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பதியும்.

யாருக்குப் பயிற்சி என்று கேட்டீர்கள். தலைமை ஆசிரியர் சொல்வதுபோல எல்லாருக்கும்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே பயிற்சி வேண்டாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பள்ளிகளுக்குச் சொல்லும் மூன்று அடுக்கு முறை உங்களுக்கும் நன்றாகப் பொருந்தும். முதல் அடுக்கில் பள்ளியில் வேலை செய்யும் அத்தனை பேரும் அடக்கம். அலுவலக ஊழியர், காவலாளி, சமையலறையில் இருப்பவர், பள்ளி வண்டி ஓட்டுநர், வண்டியில் உடன் வரும் உதவியாளர் எல்லாரும். வண்டிக்காரர்களை நிறைய பள்ளிகள் மறந்துவிடுகின்றன. மாலையில் விளையாடிக் களைத்து, மதியம் சாப்பிட்டது கரைந்துபோன நேரத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பது அந்த வண்டியில்தான். இவர்களுக்கு அரை மணி நேரம் போதும்: சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும், ஏறினால் எப்படித் தெரியும், உடனே என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது.

இரண்டாவது அடுக்கு, அந்த மூன்று பிள்ளைகளோடு தினமும் பழகுகிற வகுப்பாசிரியர்களும் விளையாட்டு ஆசிரியர்களும். அவர்களுக்கு அந்தந்தப் பிள்ளையின் நடைமுறை தெரிய வேண்டும். மூன்றாவது, மீட்டரில் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், அவசரத்தில் குளுகோகான் என்ற, ரத்தச் சர்க்கரையை ஏற்றும் மருந்தைக் கொடுக்கவும் கற்றுக்கொண்ட சிறு குழு. இதில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால் அது குழுவே இல்லை. குறைந்தது இன்னும் இரண்டு பேராவது வேண்டும். எந்த நாளிலும் ஒருவராவது வளாகத்துக்குள் இருக்கும்படி அவர்கள் விடுப்பு எடுப்பதை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சியை எங்கே தொடங்குவது? ஆசிரியர்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணங்களிலிருந்து தொடங்குங்கள். "சின்ன வயதிலேயே இனிப்பு நிறையத் தின்றிருப்பாள்" என்று யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்கள். டைப் 1 அப்படி வருவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அந்தக் குழந்தையோ அதன் அம்மா அப்பாவோ செய்த தப்பு எதுவும் இதில் இல்லை. இன்னொரு எண்ணம் இதைவிட ஆபத்தானது: "சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்கவே கூடாது." பெரியவர்கள் பலரும் தங்கள் வீட்டு முதியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. லோ சுகரில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையிலிருந்து குளுக்கோஸ் மாத்திரையைப் பிடுங்கிவைப்பது இந்த நினைப்பில்தான். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து என்பதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லுங்கள்.

இன்சுலின் எதற்கு என்று புரியவைக்க நான் லியோனர்ட் தாம்சன் கதையைச் சொல்வதுண்டு. 1922 ஜனவரியில், டொரண்டோவில், முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட சிறுவன். வயது 14, எடை சுமார் 30 கிலோ. அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினிக்கு நெருக்கமான உணவில் வைத்துச் சில காலம் உயிரைத் தள்ளிப்போடுவது தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி இல்லை. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கியது. அதன்பின் அவர் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். பள்ளி வயதுப் பையன் ஒருவனின் கதை என்பதால் ஆசிரியர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். இன்சுலின் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்கிற மருந்து இல்லை, அது இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுக்காற்று மாதிரி என்பது சட்டென்று பிடிபடுகிறது.

அப்புறம் லோ சுகர். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். மீட்டரில் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் லோ. மில்லிமோல் கணக்கில் காட்டும் மீட்டரானால் 3.9. 54-க்குக் கீழே, அதாவது 3 மில்லிமோலுக்குக் கீழே போனால் கவலைப்படவேண்டிய நிலை. எண்களைவிட முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, வெளிறிய முகம், திடீர்ப் பசி என்பவை புத்தகத்திலேயே இருக்கின்றன. வகுப்பறையில் அது வேறு மாதிரித் தெரியும். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவளின் கையெழுத்து கோணும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாள். சாதுவான பிள்ளை காரணமில்லாமல் அழும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையிடம் சண்டைக்குப் போகும். ஆசிரியருக்கு இது அடங்காத்தனமாகத் தெரியும். தண்டனையாக வெளியே நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி அடையாளம் இருக்கும், அது அம்மாவுக்குத் தெரியும். கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: "உதடு வெளுக்கும்", "கால் வலிக்கிறது என்பாள்", "பேச்சே இருக்காது" என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள்.

மீட்டர் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், லோ என்றே எடுத்துக்கொண்டு கொடுங்கள். கொஞ்சம் ஏறிப்போனால் பிறகு சரிசெய்யலாம். எவ்வளவு கொடுப்பது? பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராம் கணக்கு ஏழு வயதுப் பிள்ளைக்கு அதிகம். எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு; 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 50 கிலோ மாணவனுக்கு 15 கிராம். இந்தக் கணக்கை அவசரத்தில் யாரும் போடமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்கள் மருத்துவரிடம் கேட்டு, "இத்தனை மாத்திரை" அல்லது "இந்த அளவு ஜூஸ்" என்று முன்பே பொட்டலமாகக் கட்டி, பெயர் எழுதிவைத்துவிடுங்கள். பொட்டலம் வகுப்பறையில் ஒன்று, விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று, வண்டியில் ஒன்று இருக்கட்டும். குளுக்கோஸ் மாத்திரை, சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு எல்லாம் சரி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். சர்க்கரை சேர்க்காத டயட் பானத்தால் எந்தப் பயனும் இல்லை. அவசரத்தில் அதை எடுத்து நீட்டிவிடுகிறவர்கள் உண்டு. 10, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லையென்றால் அதே அளவு மறுபடியும். இந்த நேரம் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண் சரியானவுடன் பாடத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். மூளை தெளிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால், விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, குளுகோகான் இருந்தால் கொடுக்க வேண்டும். ஊசியானால் 25 கிலோவுக்குக் கீழே அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. மூக்கில் அழுத்துகிற பொடி வடிவமும் இருக்கிறது. அதற்கு அளவு பார்க்கும் வேலையே இல்லை. கொடுத்த பிறகு வாந்தி வரலாம், ஒருக்களித்துப் படுக்கவைப்பது அதற்காகவும்தான். ஆசிரியர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: குளுகோகானை ஒருவேளை தேவையில்லாதபோது கொடுத்துவிட்டாலும் பெரிய தீங்கு வராது, தேவைப்படும்போது கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து. இதைக் கேட்டதும் பலருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பேசியது போதும் என்று தோன்றும்போது ஒத்திகைக்கு வாருங்கள். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல், ஒரு சாதாரண நாளில், மைதானத்தின் கடைசி மூலையில் ஓர் ஆசிரியரை உட்காரவைத்து, "இந்தப் பிள்ளைக்கு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். நோயுள்ள பிள்ளைகளை இதில் நடிக்கவைக்க வேண்டாம். யார் பக்கத்தில் இருக்கிறார், யார் பொட்டலம் எடுக்க ஓடுகிறார், யார் தொலைபேசியில் பேசுகிறார் என்று கவனியுங்கள். முதல் ஒத்திகையில் ஓட்டைகள் வரிசையாக வெளிப்படும்: அலமாரிச் சாவி யாரிடமோ இருக்கும், மீட்டரில் பேட்டரி தீர்ந்திருக்கும், மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் காலாவதியாகியிருக்கும், பெற்றோரின் பழைய எண்ணுக்கு மணி அடிக்கும், மூன்று பேர் சேர்ந்து பொட்டலம் எடுக்க ஓட, பிள்ளைக்குப் பக்கத்தில் யாருமே இருக்க மாட்டார்கள். இவையெல்லாம் ஒத்திகையில் வெளிவருவது எவ்வளவோ நல்லது. அன்றைக்கே சரிசெய்து, சில வாரம் கழித்து வேறு இடத்தில், வேறு ஆட்களோடு மறுபடியும் செய்து பாருங்கள். உங்களை அதில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஓரமாக நின்று பார்க்க மட்டும் வேண்டும்.

ஊசிக்குப் பின்வாங்கும் ஆசிரியர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாம்தான் முதலுதவியையும் இன்சுலினையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர்கள் தலையில் வைக்கிறோம். இரண்டையும் பிரித்துவிடுங்கள். சர்க்கரை கொடுப்பதும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதும் பக்கத்தில் நிற்பதும் எல்லாருடைய கடமை. அதில் பேரம் கிடையாது. இன்சுலின் வேறு. அளவு தவறினால் தீங்கு உண்டு. அதை விருப்பத்தோடு முன்வருகிறவர்களுக்கு மட்டும், மருத்துவர் கையெழுத்திட்ட திட்டமும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஆதரவும் கையில் இருக்கும்போது கற்றுக்கொடுங்கள். செவிலியர் அல்லாதவர் இன்சுலின் போடலாமா என்பதில் இடத்துக்கு இடம் விதி மாறும். உங்கள் பள்ளிக்குப் பொருந்தும் விதியைத் தலைமை ஆசிரியர் கேட்டு எழுத்தில் வாங்கிவைக்கட்டும். கட்டாயப்படுத்தி யாரையும் சேர்க்காதீர்கள். இப்படிப் பிரித்துச் சொன்னதும், எதிர்பாராத யாராவது ஒருவர் "நான் கற்றுக்கொள்கிறேன்" என்று எழுந்திருப்பார். அவர் நூலகராகவும் இருக்கலாம், கணக்கு எழுதுபவராகவும் இருக்கலாம்.

இன்சுலின் கற்றுக்கொள்கிறவர்களிடம் வேகம் வேண்டாம். ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளை சாப்பிடப்போவதில் 45 கிராம் மாவுச்சத்து. அவளுக்கு 15 கிராமுக்கு 1 யூனிட் என்றால் 3 யூனிட். இப்போதைய சர்க்கரை 220, இலக்கு 120. 1 யூனிட் 50 இறக்கும் என்றால் அதற்கு 2 யூனிட். மொத்தம் 5. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் கணக்குப் போட, இன்னொருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். சாப்பாடு கண்முன்னே வராமல் ஊசி போடக் கூடாது. வேகமாக வேலை செய்யும் இன்சுலினா, நாள் முழுக்க வேலை செய்வதா என்று இன்சுலின் ஊசிப் பேனாவின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிற பிள்ளையானால் இன்னொரு எச்சரிக்கை: மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிரிஞ்சில் அதே கோடு வரை உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் ஊசியைத் தொடக் கூடாது.

சிறிய விஷயம் ஒன்று, ஆனால் கணக்கையே கெடுப்பது. விரலைக் குத்துமுன் கையைத் தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். பழத்தையோ இனிப்பையோ தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் பிள்ளை லோவில் விழும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். குத்தும் ஊசியை இன்னொரு பிள்ளைக்குப் பயன்படுத்தவே கூடாது. குத்தும் கருவியும் அவரவருக்குத் தனி.

சர்க்கரை ஏறும் பக்கத்தை ஆசிரியர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது மெதுவாக வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. இந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ அனுமதி கேட்டுக் காத்திருக்கும்படி வைக்கக் கூடாது. 250-க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் கீட்டோன் பாருங்கள்; இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள் அது. ரத்தக் கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டும். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைதான். கீட்டோன் இருக்கும்போது ஓடவைத்துச் சர்க்கரையை இறக்கலாம் என்று நினைக்கக் கூடாது, நிலைமை மோசமாகும். உடம்பில் மாட்டிக்கொண்டு இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் பம்ப் போட்டிருக்கும் பிள்ளைக்குக் குழாய் கழன்றாலோ அடைத்துக்கொண்டாலோ சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும், ஏனென்றால் பம்பில் வேகமான இன்சுலின் மட்டுமே இருக்கிறது. உங்கள் ஊழியர்கள் மனத்தில் ஒன்று பதியட்டும்: டைப் 1 உள்ள பிள்ளை வாந்தி எடுத்தாலோ வயிறு வலிக்கிறது என்றாலோ, "ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும்" என்று படுக்கவைக்காதீர்கள். கீட்டோன் இல்லை என்று பார்த்த பிறகுதான் வேறு காரணம் தேட வேண்டும்.

மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஒரு பக்கத் திட்டம் மருத்துவரிடமிருந்து வாங்குங்கள். எப்போது சர்க்கரை பார்ப்பது, எந்த அளவில் என்ன செய்வது, விளையாட்டுக்கு முன் எவ்வளவு இருக்க வேண்டும், யாரைக் கூப்பிடுவது என்று அதில் இருந்தால் போதும். பத்துப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் உடம்பில் ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு அந்த எண் பெரும்பாலும் கைபேசியில்தான் வரும். ஆகவே "பள்ளியில் கைபேசி கூடாது" என்ற விதியிலிருந்து அதற்கு விலக்கு வேண்டும், தேர்வு அறையிலும்கூட. சென்சார் காட்டுவது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியிருக்கும். வேகமாக இறங்கும்போது எண் நன்றாகத் தெரிந்தாலும் பிள்ளை ஏற்கெனவே லோவில் இருக்கலாம். பிள்ளையின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால் விரலில் குத்திப் பாருங்கள். விளையாட்டிலிருந்து இந்தப் பிள்ளைகளை ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார்த்தால் போதும். விளையாடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம் என்பதால், அன்று நிறைய ஓடியிருந்தால் வீட்டுக்கு ஒரு வரி தகவல் போகட்டும். தேர்வு நாளில் மீட்டர், தண்ணீர், குளுக்கோஸ் மாத்திரை மேசையில் இருக்கவும், லோ ஆனால் இழந்த நேரம் திரும்பக் கிடைக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் கண்காணிப்பாளருக்கும் இது தெரிய வேண்டும்.

பெரியவனின் பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுடைய பயம் புரிகிறது. பிள்ளையை யாராவது கேலி செய்வார்கள், ஒதுக்குவார்கள், பின்னாளில் ஏதாவது வாய்ப்பு தட்டிப்போகும் என்று பல யோசனை. அவர்களோடு வாதாடாதீர்கள். "ஊருக்குச் சொல்வது" வேறு, "பக்கத்தில் நிற்கிற பெரியவர்களுக்குச் சொல்வது" வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். சக மாணவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் உரிமை; அதில் நீங்கள் தலையிட மாட்டீர்கள் என்று வாக்குக் கொடுங்கள். ஆனால் அவன் மயங்கி விழுந்தால் காரணம் தெரியாமல் ஆசிரியர் தவிக்கக் கூடாதல்லவா? அதை அவர்களிடமே கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். பிறகு பையனோடு தனியே பேசுங்கள். எந்த ஆசிரியர்களுக்குத் தெரியலாம் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள், பட்டியலில் விளையாட்டு ஆசிரியர் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவன் எங்கே ஊசி போட்டுக்கொள்கிறான் என்றும் மெல்ல விசாரியுங்கள். மறைக்கிற பிள்ளைகள் கழிப்பறையில் போய்ப் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் கூச்சப்பட்டு மதிய ஊசியையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் அறையில் ஒரு திரையும், கேள்வி கேட்காத ஐந்து நிமிடமும் அவனுக்குக் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. "பதினாறு வயசாச்சு, அவனே பார்த்துக்கொள்வான்" என்று ஊழியர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும்போது எல்லாவற்றையும் தானே செய்கிற பிள்ளைக்கும், சர்க்கரை 45-இல் இருக்கும்போது தன் பையைத் திறக்கக்கூடத் தெரியாமல் போகலாம்.

பயிற்சியை ஆண்டுக்கு ஒரு தடவையாவது புதுப்பியுங்கள். புது ஆசிரியர் சேரும்போதும், புதிதாக ஒரு பிள்ளைக்கு நோய் தெரியவரும்போதும், ஏதாவது சம்பவம் நடந்த மறுநாளும் தனியாகச் செய்யுங்கள். தற்காலிக ஆசிரியருக்கு வருகைப் பதிவேட்டோடு சேர்த்தே அந்த ஒரு பக்கத் திட்டம் கைக்குப் போகட்டும். உங்கள் அறிவையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; பேனா, சென்சார், பம்ப் எல்லாம் வேகமாக மாறுகின்றன. பிள்ளைகள் சிகிச்சை பெறும் இடத்தில் நீரிழிவுப் பயிற்றுநர் இருந்தால், அந்தக் கருவிகளைத் தொட்டுப் பழக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். அந்த ஏழு வயதுக்காரியின் அம்மாவையும் கூப்பிட்டுக் கேளுங்கள். இரவு பகலாக இதைச் செய்கிறவர் அவர். அவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டியது நிறைய இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியில் நோயுள்ளவர்கள் மூன்று பேர் என்கிறீர்கள். நாலாவது பிள்ளைக்கு நோய் தொடங்கும்போது அதை முதலில் கவனிக்கப்போகிறவர்களும் நீங்கள் பயிற்சி கொடுக்கிற இதே ஆட்களாக இருக்கலாம். இத்தாலியின் பார்மா பகுதியில் 1990-களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் ஒரு எளிய சுவரொட்டியை மாட்டி, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆரம்ப அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படும்போதே கீட்டோன் முற்றிய ஆபத்தான நிலையில் வந்துசேரும் பிள்ளைகள் அதற்கு முன் 78 சதவீதம், பிறகு 12.5 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தையில்லை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தண்ணீராகக் குடிக்கிறதா, வகுப்பு நடுவில் அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுகிறதா, உடம்பு இளைக்கிறதா, படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்கிறது என்று அம்மா சொல்கிறாரா? உங்கள் அரை மணி நேரப் பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். அப்படி ஒரு பிள்ளை கண்ணில் பட்டால், வாரக் கடைசி வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அன்றே பெற்றோரிடம் பேசி, அன்றே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.